கைத்தடி சேர்ப்பவருக்கு: பெரிய பெயரா, சின்னப் பெயரா?

குடியாத்தத்து ஆசிரியர் ஒருவர் போன மாதம் போனில் பிடித்தார். "சார், இருபத்தஞ்சாயிரம் தனியா எடுத்து வச்சிருக்கேன். ரெண்டு தடி பார்த்தேன். ஒண்ணு பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்ல, வெள்ளிக் குமிழ் போட்ட கருங்காலி. குமிழ்ல யாரோ ஒரு ராவ் சாகிப் பேரு. இன்னொண்ணு பெரியார் கையில இருந்ததுன்னு சொல்றாங்க. எதை வாங்கறது?" அதே வாரம் ஆம்பூர்த் தம்பி ஒருவர், அமெரிக்கத் தேர்தல் தடிகள் ஏலத்துக்கு வருகின்றனவே, ஒன்றை வரவழைத்தால் என்ன என்று கேட்டார். இருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

என்னிடம் பதினேழு தடிகள் இருக்கின்றன. வேலூர் சத்துவாச்சாரி வீட்டில், மாடிப்படி தொடங்கும் இடத்தில், ஒரு பித்தளை அண்டாவுக்குள் நிற்கின்றன. வருகிறவர்கள் அண்டாவைப் பார்த்துவிட்டு என் முழங்காலைத்தான் விசாரிக்கிறார்கள். பதினேழில் மூன்று ஏமாந்து வாங்கியவை. அவற்றையும் அதே அண்டாவில்தான் வைத்திருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

மரம், வெள்ளி, வேலைப்பாடு மூன்றும் கண்ணுக்குத் தெரியும், கடைக்காரரே காட்டிவிடுவார். அரசியல் வரலாறு உள்ள தடியைத் தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பொறித்திருக்கும் பெயரையும் ஆண்டையும் தடிக்கு வெளியே ஒரு காகிதத்தில் சரிபார்க்க முடியுமா? இதுதான் முதல் அளவுகோல். என் கணக்கில் பாதி மதிப்பெண் இதற்கே போகிறது. சட்டம் தொந்தரவு தருமா என்பது இரண்டாவது. வாங்கிய விலைக்கு மேல் என்ன செலவு ஒளிந்திருக்கிறது என்பது மூன்றாவது. நாளைக்கு விற்க நேர்ந்தால் வாங்க ஆள் உண்டா என்பதைக் கடைசியில் கேட்டால் போதும். விற்பதற்காகச் சேர்ப்பவர் வெள்ளிக் காசு வாங்கட்டும்.

முதல் அளவுகோலைப் பயன்படுத்த, பொறிப்பை வாசிக்கத் தெரிய வேண்டும். நம் மாவட்டத்துக்கென்றே சில பிடிகள் இருக்கின்றன. வட ஆற்காட்டுக்கு 1911 வரை சித்தூர்தான் தலைநகர். சித்தூர் தனி மாவட்டமான பிறகே வேலூர் தலைநகரானது. ஆகவே 'சித்தூர், வட ஆற்காடு' என்று ஆங்கிலத்தில் பொறித்த குமிழில் 1920 என்று ஆண்டு இருந்தால் கையை எடுத்துவிடலாம். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது 1969 ஜனவரியில். திராவிடர் கழகம் என்ற பெயர் 1944 சேலம் மாநாட்டில் வந்தது, தி.மு.க. 1949இல். பொறிப்பில் அமைப்பின் பெயர் ஒன்றும் ஆண்டு ஒன்றுமாக முரண்டினால், வேலை செய்த பத்தர் நேற்றைய ஆள்.

எழுத்து அதைவிடப் பெரிய சாட்சி. இன்று நாம் எழுதும் 'லை', 'னை', 'ணை', 'ளை', 'றா', 'னா' எல்லாம் 1978 அரசாணைக்குப் பின் பொதுவழக்கானவை. அதற்கு முன் 'லை'க்குத் தலையில் தும்பிக்கை வளைந்திருக்கும். பெரியாரின் 'குடி அரசு' மட்டும் 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. எனவே சுயமரியாதை இயக்கத்துப் பொருளில் புது எழுத்து இருந்தால் உடனே தள்ள வேண்டாம். காங்கிரஸ்காரர் பொருளில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பதினோராயிரத்து ஐந்நூறு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். 'வேலூர் சிறை விடுதலை நினைவு 1941' என்று பித்தளைப் பூணில் பொறித்த பிரம்பு அது. காமராஜர் வேலூர் சிறையில் இருந்தபோதுதான் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1941இல் வெளியே வந்ததும் அந்தப் பதவியை விட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் விழுந்தேன். தரகர் வாயே திறக்கவில்லை; கதையை நானே முழுசாகச் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் அக்கா பார்த்தாள். பழைய புத்தகத்தில் படித்து வளர்ந்தவள். "விடுதலையில லை இப்போ எழுதற லையாட்டம் இருக்கே?" என்றாள். அவ்வளவுதான்.

எழுத்து சரியாக இருந்தால் தேய்மானத்தைப் பாருங்கள். வெள்ளி முத்திரை மழுங்கியிருக்கிறது, பக்கத்திலுள்ள பெயர் மட்டும் கூர்மையாக இருக்கிறது என்றால் பெயர் பிற்பாடு வந்தது. கையால் வெட்டிய கோடு ஆழமும் அகலமும் மாறி மாறி ஓடும். லேசர் கோடு ஒரே மட்டத்தில், லென்ஸில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அடிப்பூண் ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் நல்ல அறிகுறி. ஊன்றி நடந்தவர் நேராக ஊன்றுவதில்லை.

## பெருந்தலைவர் தடி

பெரியார், ராஜாஜி, காந்தி பெயர் சொல்லி வருபவை. வேலூரில் இந்தக் கதைகளுக்கு விளைநிலம் அதிகம். பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில்தான் காலமானார். ராஜாஜி 1921 கடைசியில் இங்கே சிறைப்பட்டார். இன்னும் பழைய காலத்துக்குப் போனால் 1806 வரை திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் இருந்தார்கள். 1816 முதல் 1832இல் இறக்கும் வரை கண்டியின் கடைசி அரசர் விக்ரம ராஜசிங்கன் இருந்தார். இதனால் லாங் பஜார் பக்கம் பழைய தடி எது கிடைத்தாலும், "சார், இது திப்பு வூட்டு சாமான்" என்றுதான் பேச்சே தொடங்குகிறது.

சரிபார்க்கும் வழி? பெரும்பாலும் இல்லை. தலைவர்களின் தடியில் பெயர் பொறித்திருக்காது. தன் தடி தன்னுடையது என்று பெரியார் எழுதிவைக்க வேண்டிய அவசியம் என்ன? பெயர் இருந்தால் அது யாரோ பரிசாகக் கொடுத்தது. அப்படியானால் எந்த ஊர்க் கூட்டத்தில், எப்போது என்று அன்றைய பத்திரிகையில் வந்திருக்க வேண்டும். சிறைக் கதை இன்னும் பலவீனம். கைதியிடம் தடியைக் கொடுத்து வைத்திருக்கும் சிறை அதிகாரியை நான் கேள்விப்பட்டதில்லை.

மறைசெலவு விலையிலேயே இருக்கிறது. மரத்துக்கு ஆயிரம், கதைக்கு இருபதாயிரம். கதை விழுந்தால் மிச்சம் ஆயிரம். நினைவில்லங்கள், கட்சி அலுவலகங்கள் கேட்டால் தர வேண்டியதாகிவிடும் என்ற சங்கடமும் உண்டு. உண்மையான தடி என்றால் அது அங்கேதானே இருக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கே வரும்.

இதையும் வாங்கலாம், ஒரே ஒரு நிலையில்: கொடுப்பவர் அந்தத் தலைவரோடு இருந்தவரின் வீட்டார், கையில் கடிதமோ படமோ இருக்கிறது, கேட்கும் விலை சாதாரணத் தடியின் விலை. அப்படி ஒருவர் வந்தால் காபி கொடுத்து உட்கார வைத்துக் கதையை ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள். தடியைவிட அந்த ஒலிப்பதிவு மதிப்பானது.

## பட்டத்துத் தடி

என் பதினேழில் ஒன்பது இந்த ரகம். தாலுகா போர்டு உறுப்பினர், ஜில்லா போர்டு தலைவர், நகராட்சிக் கவுன்சிலர், ஜமீன் காரியஸ்தர் என்று இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை ஆட்களுக்குப் பாராட்டாகக் கிடைத்தவை, அல்லது ஆங்கில அரசின் பட்டம் வந்த சந்தோஷத்தில் தாமே செய்துகொண்டவை. கருங்காலி அல்லது மலாக்கா பிரம்பு, வெள்ளிக் குமிழ், கீழே கழுத்துப்பட்டை, அதில் பெயரும் ஊரும் ஆண்டும்.

இந்தச் சின்னப் பெயர்களைத்தான் பிடிக்க முடிகிறது. ராவ் சாகிப், அதற்கு மேல் ராவ் பகதூர், அதற்கும் மேல் திவான் பகதூர். முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர். ஒவ்வொரு பட்டமும் புத்தாண்டுக்கோ மன்னர் பிறந்தநாளுக்கோ அறிவிக்கப்பட்டு அரசிதழில் வந்தது. ஒருவர் எப்போது ராவ் சாகிப் ஆனார், எப்போது ராவ் பகதூர் ஆனார் என்று தெரிந்தால், 'ராவ் சாகிப்' என்று பொறித்த தடி அந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். அந்தக் காலத்துத் தமிழ் இதழ்களுக்கு ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

அரசியல் இதில் எங்கே என்பார்கள். நீதிக்கட்சி 1916இல் தொடங்கி, 1920 தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த காலம் இது. 1921 முதல் 1926 வரை முதல்வராக இருந்த பனகல் ராஜாவே காளஹஸ்திக்காரர். காளஹஸ்தி 1911 வரை வட ஆற்காட்டைச் சேர்ந்த ஊர். அதே 1920இல் காந்தி, பட்டங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒத்துழையாமையை ஆரம்பித்தார். ஒரு பட்டத்தை வெள்ளியில் வெட்டி ஊரறியப் பிடித்துக்கொண்டு நடப்பது அன்று ஒரு பக்கம் நிற்பதுதான்.

என் அண்டாவில் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது அடகுக்கடையில் கிடைத்த ஒரு தடி. குமிழில் மூன்று வரி. இரண்டாவது வரி பெயர், மூன்றாவது ஊர். முதல் வரியை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். சாய்த்துப் பிடித்தால் வெளிச்சத்தில் ஆங்கில 'ஆர்' எழுத்தின் கால் மட்டும் தெரிகிறது. கடைக்காரர், "ஸ்க்ராட்ச் இருக்கு சார், ஐந்நூறு குறைச்சுக்கறேன்" என்றார். யார் தேய்த்தார், 1921இலா 1947இலா என்று எனக்குத் தெரியாது. பட்டம் வாங்கியவரே தேய்த்தாரா, கதர் கட்டிய மகன் தேய்த்தானா? பெயரைச் சொல்ல மாட்டேன். குடும்பம் இங்கேதான் இருக்கிறது.

மறைசெலவுக்கு வருவோம். குமிழ் கெட்டி வெள்ளி இல்லை. மெல்லிய தகட்டைக் குமிழாக்கி உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். எடை போட்டு வெள்ளி விலை கேட்டால் அரக்குக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். சீமைச் சரக்கில் நடக்கும் சிங்கம், பர்மிங்ஹாமின் நங்கூரம் அல்லது லண்டனின் சிறுத்தைத் தலை, ஆண்டு எழுத்து என்று முத்திரை வரிசை இருக்கும்; ஆண்டைக் கண்டுபிடிப்பது சுலபம். சென்னை மவுண்ட் ரோட்டு பி. ஓர் அண்ட் சன்ஸ் முத்திரை இருந்தால் நல்லது. உள்ளூர்ப் பத்தர் வேலையில் முத்திரையே இருக்காது, அது குறையும் அல்ல, உரைகல்லில் பார்த்துக்கொள்ளுங்கள். கருங்காலியில் இப்போது கவனம் இரண்டு மடங்கு வேண்டும். கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு சாயம் ஏற்றிய மரம் எல்லாம் கருங்காலியாகிவிட்டது. ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் துடையுங்கள். கறுப்பு ஒட்டினால் வேண்டாம்.

அடுத்து பங்காளி. ஒருவர் தடியைக் கொடுத்துப் பணம் வாங்கிப் போவார், ஆறு மாதம் கழித்து சித்தப்பா மகன் வந்து, "அது எங்க தாத்தா தடி, அவன் யாரு விக்க?" என்பார். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் வெள்ளைத்தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவர் சாட்சிக் கையெழுத்தோடுதான் வாங்குகிறேன்.

வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டிய பிறகு இந்தத் தடிகள் வேகமாகக் குறைகின்றன. குமிழைக் கழற்றி உருக்கிவிட்டு மரத்தை அடுப்புக்குப் போடுகிறார்கள். பார்த்தால் தள்ளிப்போடாதீர்கள்.

## அயல்நாட்டுத் தேர்தல் தடி

அமெரிக்காவில் தடி ஒரு காலத்தில் தேர்தல் சின்னமாகவே இருந்தது. 1840இல் அதிபர் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனை மரக்குடிசைக்காரர் என்று காட்டிப் பிரசாரம் செய்தபோது குடிசை, பீப்பாய் உருவங்கள் எல்லாப் பொருளிலும் ஏறின, தடித் தலையிலும். 1896இல் வேட்பாளர் மெக்கின்லி தலையை மலிவு உலோகத்தில் வார்த்துத் தடிக்குப் போட்டார்கள். தடியே ஆயுதமான கதையும் உண்டு. 1856 மே 22 அன்று பிரெஸ்டன் புரூக்ஸ் என்ற தென்மாநில உறுப்பினர், அடிமைமுறையை எதிர்த்துப் பேசிய சார்லஸ் சம்னரை செனட் மன்றத்துக்குள்ளேயே தங்கத்தலைத் தடியால், தடி உடையும் வரை அடித்தார். பிறகு அவருடைய ஆதரவாளர்கள் புதுத் தடிகளை அனுப்பினார்கள், 'இன்னொரு முறை அடி' என்று பொறித்து. பொறிப்பில் அரசியல் என்றால் இதற்கு மேல் என்ன வேண்டும்! பிரான்சில், நெப்போலியன் வீழ்ந்த பிறகு, சுவரில் நிழல் விழும்போது மட்டும் அவர் முகம் தெரியும்படி கடைந்த குமிழ்கள் இருந்தன.

சரிபார்ப்பதில் இந்த ரகம் பலமானது. பிரசாரத் தடிகள் பல பிரதிகள் செய்யப்பட்டவை. பட்டியல்கள், பழைய ஏல விவரங்கள் கிடைக்கின்றன. ஆனால் பல பிரதி என்பதாலேயே போலியும் பல. வார்த்த தலையிலிருந்து அச்செடுத்து இன்னொன்று வார்ப்பது பெரிய வித்தை இல்லை.

செலவோ அடுக்கடுக்காக வரும். விழுந்த விலைக்கு மேல் ஏலக்கூடத்துக்கு 20 சதவீதமோ கூடவோ கமிஷன். மூன்றடிக் குழாயில் கட்டி அனுப்பும் கூலி. சுங்கவரி, அதன் மேல் ஜி.எஸ்.டி., கூரியர்காரரின் கிளியரன்ஸ் கட்டணம். என் நண்பர் ஒருவருக்குத் தடியின் விலையில் முக்கால் பங்கு இப்படியே போனது. கைப்பிடி தந்தமோ ஆமையோடோ என்றால் துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

உரிமைச் சிக்கலும் உண்டு. பாஸ்டன் போஸ்ட் என்ற பத்திரிகை 1909இல் நியூ இங்கிலாந்தின் சுமார் 700 ஊர்களுக்குத் தங்கத்தலைக் கருங்காலித் தடி கொடுத்தது, ஊரின் மூத்த குடிமகனுக்கு. அவர் இறந்தால் அடுத்தவருக்குப் போக வேண்டும் என்று தடியிலேயே பொறித்திருக்கும். அப்படி ஒன்று ஏலத்துக்கு வந்தால் அது ஓர் ஊரின் சொத்து. கோயில் சிலை காணாமல் போய் வெளிநாட்டில் கிடைப்பது நமக்குத் தெரியாததா? நாம் அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

அங்கே படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகள் இருந்து, அவர்கள் வாங்கி அங்கேயே வைத்துக்கொள்வதானால் இது நல்ல தேர்வு. இங்கிருந்து ஏலம் கேட்பவருக்கு இல்லை.

## கைதி செதுக்கிய தடி

இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். 1899–1902 தென்னாப்பிரிக்கப் போயர் போரில் பிடிபட்ட ஆயிரக்கணக்கானவர்களை ஆங்கிலேயர் செயின்ட் ஹெலினா, இலங்கை, பெர்முடா, இந்தியா என்று கடல் கடத்தினார்கள். நம் பக்கத்தில் திருச்சியில் முகாம் இருந்தது. பொழுது போகாமல் அவர்கள் செதுக்கிய தடிகளில் பாம்பு சுற்றியிருக்கும், கைதியின் பெயர், முகாம், ஆண்டு இருக்கும். கைதிப் பட்டியல்கள் இருப்பதால் பெயரைத் தேடலாம். வெள்ளி இல்லாததால் உருக்க ஆளில்லை, கடைக்காரருக்கும் அருமை தெரியாது. கண்ணில் படுவதுதான் அபூர்வம். மரம் சாதாரணம், உளுத்துப்போன தடி அதிகம். தட்டினால் மாவு கொட்டுகிறதா பார்த்து, கொட்டினால் மற்றத் தடிகளோடு ஒரே அண்டாவில் வைக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | பெருந்தலைவர் தடி | பட்டத்துத் தடி | அயல்நாட்டுத் தேர்தல் தடி | கைதி செதுக்கியது |
|---|---|---|---|---|
| பெயரைச் சரிபார்க்க | மிகக் கடினம் | அரசிதழ், ஆவணக் காப்பகம் | ஏலப் பட்டியல்கள் | கைதிப் பட்டியல் |
| போலி பயம் | மிக அதிகம் | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| ஒளிந்த செலவு | கதையின் விலை | அரக்கு, பங்காளி | கமிஷன், சுங்கம், கூரியர் | உளு |
| திரும்ப விற்க | சான்று இல்லாமல் ஆகாது | உள்நாட்டில் உண்டு | அங்கேயே நல்ல சந்தை | ஆள் தேட வேண்டும் |
| என் மதிப்பெண், பத்துக்கு | 2 | 8 | 5 | 7 |

## எந்த ரகமானாலும் சட்டம்

1972 தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வியாபாரமாகச் செய்தால் உரிமம் வேண்டும். நீதிக்கட்சி காலத்துத் தடிகள் இப்போதுதான் வருஷத்துக்கு ஒரு வரிசையாக அந்த நூறைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. யானைத் தந்தப் பிடி எவ்வளவு பழசானாலும் விலைக்கு வாங்கக் கூடாது. தாத்தா காலத்தது என்ற பேச்சு வனத்துறையிடம் எடுபடாது. தலையைத் திருகினால் கத்தி வரும் தடி ஆயுதச் சட்டத்தில் வாள் கணக்கு. சந்தனத் தடி என்று யாராவது ஜவ்வாது மலைப் பக்கம் நீட்டினால், கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

வாங்கிய பிறகு ஒன்றே ஒன்று: வெள்ளிக் குமிழை விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். விளக்குக்கும் சொம்புக்கும் சரி. பொறிப்பு உள்ள வெள்ளிக்கு, ஒவ்வொரு ஆடிவெள்ளியும் ஓர் எழுத்தின் ஆழத்தைக் கொண்டுபோகும். பருத்தித் துணி போதும், கறுத்தால் கறுக்கட்டும்.

## குடியாத்தத்து ஆசிரியருக்கு

ராவ் சாகிப் தடியையே வாங்குங்கள், ஆனால் இந்த வாரம் வேண்டாம். முதலில் அரசிதழைப் பாருங்கள். பெயர் கிடைத்தால், மறுபடி அந்த வீட்டுக்குப் போய்க் கூடத்துச் சுவரைப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பட்டம் வாங்கியவர்கள் தலைப்பாகையோடு நாற்காலியில் உட்கார்ந்து, தடியைப் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாமல் இருந்ததில்லை. குமிழின் வடிவம், கழுத்துப்பட்டையின் அகலம் இரண்டையும் படத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போனால், அனுமதி கேட்டு அந்தப் படத்தையும் செல்போனில் எடுத்துக்கொண்டு, பேசிய விலையைக் கொடுத்துவிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் உடனே போலி என்று எழுந்துவிடவும் வேண்டாம். போட்டோவில் இருப்பது ஸ்டுடியோக்காரர் தடியாக இருக்கும். என் தாத்தா படத்தில் அவர் பிடித்திருக்கும் அதே தடியை, ஆரணியில் சம்பந்தி வீட்டுத் தாத்தாவும் பிடித்திருக்கிறார்.